போசெல்லியின் குரல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கத்திய இசை பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் கற்றவன் இல்லை. மகள் வாங்கிவந்த ஒரு சிடி வழியாகத்தான் இத்தாலியப் பாடகர் ஆந்த்ரேயா போசெல்லி எனக்கு அறிமுகமானார். என் மனைவி நோயில் படுத்திருந்த எட்டு மாதங்களும் இரவில் எங்கள் வீட்டில் ஒலித்தது அந்தக் குரல்தான். இருவருக்கும் ஒரு சொல் புரியாது. ஆனாலும் அதைக் கேட்டபடியேதான் அவள் தூங்கிப்போவாள்.

சென்ற மாதம் வியன்னாவில் இருக்கும் என் அக்கா மகன் வந்திருந்தான். பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓபராவுக்கு அடிக்கடி போகிறவன். நான் போசெல்லியைப் போட்டதும், "மாமா, இவர் ஓபரா பாடகரே கிடையாது. மைக்கை எடுத்துவிட்டால் நாலாவது வரிசைக்குக்கூடக் கேட்காது" என்றான். ஓபரா மேதை பவரோட்டியே பாராட்டிய குரலடா என்றேன். சிரித்தான். சாரா பிரைட்மேன், ஜோஷ் குரோபன் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டான். கோடிக்கணக்கானவர்கள் உருகிக் கேட்கும் ஒருவரை இப்படித் தள்ளுவது மேட்டிமைத்தனம் இல்லையா? அல்லது என் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? மே மாதம் என்னை வியன்னாவுக்கு அழைத்திருக்கிறான். அதற்குள் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.

தங்கள் வாசகர்,
திருச்சி

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த எட்டு மாத இரவுகளில் உங்கள் வீட்டில் அந்தக் குரல் செய்த வேலையை எந்த விமர்சகரும் அளக்க முடியாது, அளக்கவும் கூடாது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பேசுவோம். உங்கள் மருமகன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவர் கட்டிய மூட்டைதான் தவறு.

நானும் உங்களைப் போலவே சிடி வழியாக இந்த இசைக்குள் வந்தவன். பல ஆண்டுகள் ஓபரா என்றால் ஸ்பீக்கரிலிருந்து வருவது என்றே நினைத்திருந்தேன். முதல்முறை வியன்னா போனபோது அரசு ஓபரா அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்தேன். உட்காரும் இடத்துக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. மேல்மாடத்தில், கூரைக்குச் சற்றுக் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கழுத்துத் துணியைக் கம்பியில் கட்டிவிட்டு வெளியே போய் வரலாம். அந்த இடம் உங்களுடையது, யாரும் தொடமாட்டார்கள். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதேதான். வியன்னாவில் என்னைச் சொந்த ஊர்க்காரனாக உணரவைத்த முதல் விஷயம் அதுதான்.

அன்று இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போஎம்' ஓபரா. முதல் அங்கத்தின் முடிவில் ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோவும் அவன் காதலி மிமியும் கைகோத்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறுகிறார்கள். மேடை காலியாகிவிடுகிறது. கதவுக்கு அப்பால், நம் கண்ணில் படாத இடத்திலிருந்து, 'அமோர்' (காதல்) என்ற கடைசிச் சொல்லை இருவரும் பாடுகிறார்கள். இதற்குள் மறைந்துவிட்டார்களே, இனி எங்கே கேட்கப்போகிறது என்று நினைத்தேன். கேட்டது. மெல்லிய குரல்தான். ஆனால் மேடைக்குப் பின்னாலிருந்து கிளம்பி, வாத்தியக்காரர்கள் நிறைந்த குழியைத் தாண்டி, நான் பிடித்திருந்த கம்பி வரை வந்தது. நடுவில் ஒரு மைக் கிடையாது, ஒரு ஸ்பீக்கர் கிடையாது. என் கை நடுங்கியது. அதுவரை நான் சிடியில் கேட்டதெல்லாம் அந்த ஒலியின் புகைப்படம் என்று அன்றுதான் தெரிந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி என்ற ஒலியியல் ஆய்வாளர் 1970-களில் தெளிவாக்கினார். ஓர் இசைக்குழு முழுமையாக வாசிக்கும்போது அதன் ஒலிச்சக்தியில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப்போகக் குறையும். 3000 ஹெர்ட்ஸ் அருகே வாத்தியங்களின் ஒலி நன்றாகவே மெலிந்துவிடும். பயிற்சி பெற்ற ஓபரா ஆண்குரல் சரியாக அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. குரல்நாண்களுக்குச் சற்று மேலே உள்ள சிறு குழாய்ப் பகுதியை ஒடுக்கித் தொண்டையை அகட்டி வைக்கும்போது 3000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஓர் அதிர்வுக் குவியல் உண்டாகிறது. நம் காதும் அந்த வட்டாரத்தில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். எழுபது வாத்தியங்களைக் கத்தித் தோற்கடிக்க எந்த மனிதனாலும் முடியாது. அவை நிற்காத இடத்தில் போய் நிற்க முடியும். அதற்குப் பத்து வருடச் சாதகம் வேண்டும்.

மைக் வந்த பிறகு இந்தத் தேவை போய்விட்டது. போனதும் இன்னொரு கலை பிறந்தது. 1930-களில் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி போன்றவர்கள் மைக்கின் காதில் ரகசியம் சொல்வதுபோலப் பாட ஆரம்பித்தார்கள். மூச்சின் சத்தம், உதடு பிரியும் ஒலி, பாதிக் குரலில் சொன்ன சொல் என்று மேடையில் செத்துப்போகும் நுட்பங்கள் எல்லாம் மைக்கில் உயிர்பெற்றன. இதை நான் தாழ்ந்த கலை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். வேறு தொழில், அவ்வளவுதான். ஒரு குரலை எடைபோடுமுன் அது எந்த இடத்துக்காகப் பழக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். கூடத்தின் கடைசி வரிசைக்கா, மைக்குக்கா?

இப்போது போசெல்லிக்கு வருகிறேன். 1958-ல் டஸ்கனியில் லயாத்திகோ என்ற சிற்றூரில் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணில் நீரழுத்த நோய். பன்னிரண்டு வயதில் பந்து விளையாடும்போது நேர்ந்த விபத்தில் பார்வை முழுவதும் போனது. பீசாவில் சட்டம் படித்துச் சிறிது காலம் வழக்கறிஞராகவும் இருந்தார். இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பாடினார். பிராங்கோ கொரெல்லி என்ற மகத்தான ஓபரா பாடகரிடம் பாடமும் கேட்டார். ஆனால் அவரை உலகத்துக்குக் கொண்டுவந்தது ஓபரா மேடை இல்லை. 1994-லும் 1995-லும் சான்ரெமோ பாட்டு விழாவில் பாடிய மெல்லிசைப் பாடல்கள். 1995-ல் அங்கே பாடியதுதான் 'கோன் தே பார்த்திரோ'. அடுத்த ஆண்டு அதைச் சாரா பிரைட்மேனோடு சேர்ந்து பாடியதும் ஜெர்மனியே அதில் மூழ்கியது.

நீங்கள் சொன்ன பவரோட்டியின் பாராட்டும் உண்மைதான். ஆனால் எந்தப் பாட்டுக்காக என்று பாருங்கள். சுக்கெரோ என்ற இத்தாலிய ராக் பாடகர் 'மிசெரெரே' என்ற பாடலை பவரோட்டியோடு பாட விரும்பினார். மாதிரிக்காகப் போசெல்லியைப் பாடவைத்து ஒலிநாடாவை அனுப்பினார். அதைக் கேட்டுத்தான் பவரோட்டி வியந்தார். அது ராக் பாடகர் ஒருவரின் பாட்டு. ஸ்டூடியோவில், மைக்குக்கு முன்னால் பாடியது. அந்தச் சான்றிதழ் அந்த வேலைக்கு முழுமையாகச் செல்லும். ஓபரா இசையமைப்பாளர் வெர்டியின் பாட்டுக்கு அதைக் காட்ட முடியாது.

'கோன் தே பார்த்திரோ'வின் தொடக்கத்தை இன்று இரவு ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். தாழ்ந்த ஸ்தாயியில், பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் ஆரம்பிக்கிறார். சொற்கள் துல்லியமாக விழுகின்றன. குரலில் லேசான ஒரு கரகரப்பு, ஈர மண்ணைக் கையில் அள்ளியதுபோல. பயிற்சிப் பள்ளிகள் வழக்கமாகத் தேய்த்து அகற்றிவிடும் சொரசொரப்பு அது. உங்கள் மனைவியின் கட்டிலருகே வந்து நின்றது அதுதான். கூடத்தை நிறைக்கும் ஓபரா குரல் அவ்வளவு அருகில் வந்து உட்காராது. இந்தப் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான குரலை நான் கேட்டதில்லை.

ஆனால் அதே குரல் புச்சினிக்குள் போகும்போது நிலைமை மாறுகிறது. நீண்ட சொற்றொடரின் நடுவில் மூச்சு தளர்கிறது. மேலே ஏற ஏறக் குரல் அகலமாவதற்குப் பதில் மெலிகிறது. மெதுவாகவும் பலமாகவும் பாடுவதற்கு இடையே படிகள் குறைவு. 1999-ல் டெட்ராய்ட்டில் 'வெர்தர்' ஓபராவில் நடித்தார். அமெரிக்க விமர்சகர்கள் கடுமையாகவே எழுதினார்கள். சுபின் மேத்தா இசைக்குழுவை நடத்த, போசெல்லி பாடிப் பதிவுசெய்த 'லா போஎம்' என்னிடம் இருக்கிறது. நல்ல இசைக்குழு, பார்பரா ஃப்ரித்தோலியின் அருமையான மிமி. போசெல்லியின் இனிய நிறமும் இருக்கிறது. ஆனால் காதலியின் குளிர்ந்த கையைத் தொட்டுப் பாடும் அந்தப் பெரிய பாட்டில், நம்பிக்கை பொங்கி எழ வேண்டிய இடத்தில், அவர் கவனமாக அடிவைத்துப் போவது கேட்கிறது. ரொடோல்ஃபோ அப்படிப்பட்டவன் இல்லை. அவன் கையில் காசில்லாவிட்டாலும் வானத்தையே கொடுத்துவிடுகிறவன்.

பார்வையின்மையை இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது. நடத்துநரின் கையசைவைக் காணாமல் மூச்சொலியையும் வாத்தியங்களையும் வைத்தே பாடுகிறவர் என்ற மரியாதை எனக்கு உண்டு. அதற்காகக் குரலுக்கு மதிப்பெண் கூட்டினால் அவரைக் கலைஞராக நடத்தாமல் இரக்கத்துக்கு உரியவராக நடத்துகிறோம். அவர் அதைக் கேட்கவில்லை.

மைக்கில் பாடுவதே பாவம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1990 ஜூலை 7-ஆம் தேதி ரோம் நகரின் கரகல்லா குளியலகச் சிதைவுகளில் ஓபரா பாடகர்கள் பவரோட்டி, டொமிங்கோ, கரேரஸ் மூவரும் பாடியதும் திறந்தவெளியில், மைக்கோடுதான். நடத்தியவர் மேத்தா. உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுவந்த கரேரஸ் நின்று பாடிய மேடை அது. அந்த மூன்று குரல்களும் அதற்கு முன் பல ஆண்டுகள் மைக் இல்லாத கூடங்களில் உருவானவை. மைக் அவற்றைப் பெரிதாக்கியது, தாங்கிப் பிடிக்கவில்லை.

அங்கே ஒலித்த, புச்சினியின் 'தூராந்தோ' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் தோர்மா' பாட்டுதான் இன்று இந்த வகைப் பாடகர்கள் எல்லோருக்கும் தேர்வுத்தாள் ஆகிவிட்டது. அதன் முடிவில் 'வின்செரோ' (வெல்வேன்) என்ற சொல்லில் ஓர் உச்ச சுரம் வரும். எல்லோரும் அதை இழுத்துப் பிடித்துக் கைதட்டு வாங்குவார்கள். புச்சினி எழுதிய சுரத்தாளில் அந்த உச்ச சுரம் மிகக் குறுகியது, முழுச் சுரத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதற்கு அடுத்துக் கீழே வரும் சுரத்துக்குத்தான் முழு நீளம். அதைத் தொட்டுவிட்டு இறங்கச் சொன்னார், பாடகர்கள் அங்கேயே குடியேறிவிட்டார்கள். ஓபராவில் அந்த இடத்தில் கைதட்டலுக்கு நிறுத்தமும் இல்லை, இசை நேராக அடுத்த காட்சிக்குள் ஓடுகிறது. 2007-ல் பிரிட்டனின் தொலைக்காட்சிப் போட்டியில் பால் பாட்ஸ் அந்தப் பாட்டைப் பாடி வென்றபோது கூட்டம் எழுந்து நின்றது. நானும் நெகிழ்ந்தேன். கூச்சம் நிறைந்த ஓர் எளிய மனிதர் வாய் திறந்த கணம் அது. ஆனால் பாட்டைச் சுருக்கி, உச்சியை மட்டும் காட்டி, இதுதான் ஓபரா என்று கோடிப் பேரிடம் சொன்னது எனக்கு உறுத்தியது. மலையேறாதவனுக்குச் சிகரத்தின் புகைப்படத்தைக் கொடுத்தது போல இருந்தது.

உங்கள் மருமகனின் மூட்டையை அவிழ்க்கிறேன். ஜோஷ் குரோபன் ஓபரா மேடையில் ஏறவே இல்லை. கனமான, நல்ல ஆண்குரல். 2023-ல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'ஸ்வீனி டாட்' இசைநாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். தன் தொழில் எது என்று தெரிந்தவர். அவரை ஓபராவின் அளவுகோலால் அடிப்பது அநியாயம். சாரா பிரைட்மேனும் இசைநாடகத்தின் பிள்ளை. 1986-ல் லண்டனில் 'ஃபாண்டம் ஆஃப் த ஓபரா' இசைநாடகத்தில் கதாநாயகி கிறிஸ்டீனாக நின்றவர். அவருடைய மேல்ஸ்தாயி கண்ணாடிபோல மெல்லியது, அந்தப் பாத்திரத்துக்கு அது அழகு. 'இல் திவோ' என்ற பாட்டுக்குழுவின் நால்வரில் டேவிட் மில்லர் ஓபரா பயின்றவர், செபாஸ்தியன் இசாம்பார் பாப் பாடகர். நால்வரையும் ஒரே கோட் சூட்டில் நிறுத்தியதால் குரல்கள் ஒன்றாகிவிடுமா?

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறிடத்தில். குழந்தைகளை இப்படிப் பாடவைப்பதில். சார்லட் சர்ச்சின் முதல் ஆல்பம் 1998-ல் வந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. ஜாக்கி எவாங்கோ 2010-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புச்சினியைப் பாடியபோது வயது பத்து. வளர்ந்து முடியாத தொண்டையில் முப்பது வயதுக் குரலைப் போலி செய்யவைக்கிறோம். பிஞ்சை அடித்துப் பழுக்கவைப்பது போன்ற வேலை இது. நான் அந்தப் பதிவுகளைக் கேட்பதில்லை.

கோடிப் பேர் உருகினால் அது தவறாகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. கோடிப் பேர் உருகியதால் அது ஓபராவும் ஆகாது. இரண்டையும் குழப்பியவர்கள் ரசிகர்களும் இல்லை, போசெல்லியும் இல்லை. மெல்லிசைப் பாடலையும் வெர்டியையும் ஒரே உறையில் போட்டு, 'உலகின் மிகச் சிறந்த டெனர்' (உயர்ஸ்தாயி ஆண்குரல்) என்று அட்டையில் அச்சடித்து விற்றவர்கள். அந்த அட்டையை நம்பிய ஒருவர், பிறகு உண்மையான கூடத்தில் உண்மையான குரலைக் கேட்டு, "என்ன இது, ஏதோ தூரத்திலிருந்து மெல்லக் கேட்கிறதே" என்று ஏமாந்து வெளியேறுவதைப் பார்த்திருக்கிறேன். என் பக்கத்துக் கம்பியில் நின்றவர்தான். இடைவேளையில் போய்விட்டார். அந்தத் தூரத்துக்குக் காது பழக அரைமணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் அது திறக்கும்.

மே மாதம் உங்கள் மருமகனோடு போய் மேல்மாடத்தில் நில்லுங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மேல்மாடத்திலேயே உட்காரும் இடம் வாங்கித் தரச் சொல்லுங்கள். முன்வரிசை வேண்டாம், ஒலி மேலேதான் வந்து சேர்கிறது. நிற்பதானால் பையில் ஒரு துண்டு எடுத்துப்போங்கள், கம்பியில் கட்ட. திரும்பி வந்து அதே சிடியைப் போட்டுக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.