வெற்றுக்கோது எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

எனக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. பழைய றிவோல்வர்களும் பிஸ்டல்களும் உள்ளே எப்படி இயங்குகின்றன என்று காட்டும் வீடியோக்களைப் பொழுதுபோக்காகப் பார்க்கத் தொடங்கி, இப்போது அது பித்தாகிவிட்டது. வெப்ளி, லூகர், கோல்ட் என்று தேடித் தேடிப் பார்க்கிறேன். அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "நாங்கள் பட்டது போதாதா?" என்கிறா. துப்பாக்கியும் ஓர் இயந்திரம்தானே? மணிக்கூட்டை ரசிப்பது போல அதையும் ரசிக்கக் கூடாதா? இன்னொன்று. நண்பன் ஒருவனின் பாட்டனார் பெட்டியில் வெள்ளைக்காரத் துரை காலத்து றிவோல்வர் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறதாம். வேண்டுமானால் எடுத்துக்கொள் என்கிறான். எடுக்கலாமா? கொழும்பில் இருந்துகொண்டு இவற்றைச் சேகரிக்க வழி உண்டா?

(பெயர் வேண்டாம்), வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். எடுக்காதீர்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்றுகூடப் போகாதீர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இங்கே இன்றைக்கும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். துருப்பிடித்தது, பாட்டன் சொத்து என்ற கதையெல்லாம் பொலிஸில் எடுபடாது, அதுவும் நம்முடைய பெயர் போட்ட அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு. நண்பரை ஒரு சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள். ஒப்படைக்கும் வழியை அவர் பார்த்துக்கொள்வார். அமெரிக்காவில் 50 வயது கடந்த துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

சரி, பித்துக்கு வருவோம். அது எனக்கும் உண்டு. சுட்டு முடிந்த ரவையின் காலி உறையை, அதாவது வெற்றுக்கோதை, எப்படி வெளியே தள்ளுவது? கைத்துப்பாக்கியின் கதையில் பாதி இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி றிவோல்வரில், ரவைகள் இருக்கும் சுழலும் உருளைக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, குழலோடு ஒட்டியிருக்கும் கம்பியால் ஒவ்வொரு கோதாகக் குத்தித் தள்ள வேண்டும். எதிரே ஆள் நிற்கும்போது அதற்கு நல்ல பொறுமை வேண்டும்! பிரித்தானிய இராணுவம் 1915இல் ஏற்றுக்கொண்ட வெப்ளி மார்க் 6 வேறு வழி பார்த்தது. சுத்தியலுக்குப் பக்கத்திலுள்ள கொளுவியைப் பெருவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடங்கிக் குழல் கீழே சாயும். சாயச் சாய, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடொன்று எழும்பி, ஆறு கோதுகளையும் விளிம்பில் பிடித்து ஒன்றாகத் தூக்கும். முழுதாகச் சாய்ந்ததும் தகடு மட்டும் டக்கென்று உள்ளே போய்விடும். கோதுகள் தரையில்.

அப்புறம் வந்த அரைத்தானியங்கிகள், அதாவது சுட்டதும் அடுத்த ரவையைத் தாமே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்கள், இந்த வேலையைச் சுட்ட வேகத்திடமே ஒப்படைத்துவிட்டன. 1908இல் ஜெர்மன் தரைப்படை எடுத்துக்கொண்ட லூகரின் முதுகில் ஒரு மூட்டு உண்டு. சுட்டவுடன் குழலோடு அதுவும் பின்வாங்கும். அதன் இருபக்கக் குமிழ்களும் சட்டகத்தின் சரிவில் மோத, மூட்டு மேல்நோக்கி மடங்கும், கோது வெளியே பறக்கும். பார்க்க அவ்வளவு வடிவு. ரவையின் மருந்து கொஞ்சம் வீரியம் குறைந்திருந்தாலோ முரண்டுபிடிக்கும். ஜோன் பிரவுனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் பிஸ்டலில் இந்த ஆடம்பரம் கிடையாது. குழலும், அதை மேலே மூடி முன்பின்னாக நகரும் மேலுறையும் பூட்டியபடி கொஞ்சத் தூரம் பின்னுக்கு வரும். குழலின் பின்முனை தாழ்ந்து பூட்டு விடும். மேலுறை மட்டும் தொடர்ந்து போய்க் கோதை வீசும். இன்றைய இராணுவ பிஸ்டல்களில் பெரும்பாலானவை இந்த யோசனையின் பேரப்பிள்ளைகள்தான். லூகருக்கு ரசிகர் கூட்டம் அதிகம், என்னுடைய வாக்கு பிரவுனிங்குக்கு.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்களுடைய பத்தியம். புதுசு போல மினுங்கினால் முகம் சுளிப்பார்கள். உலோகத்துக்கு ஏற்றும் நீலமெருகை மறுபடி ஏற்றியதா என்று பார்க்க, விளிம்புகள் மழுங்கியிருக்கிறதா, பொறித்த எழுத்துகள் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். லூகர் என்றால் பூதக்கண்ணாடி வெளியே வரும். தொடரிலக்கத்தின் கடைசி இரண்டு எண்களைச் சின்னச் சின்னப் பாகங்களிலும் பொறித்திருப்பார்கள். ஒரு பாகத்தில் எண் மாறியிருந்தாலும் விலை அடிபட்டுவிடும்.

மணிக்கூட்டோடு ஒப்பிட்டீர்களே, அங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வெப்ளியின் கைப்பிடிக்கு அடியில் ஏன் ஒரு வளையம்? சண்டைக் குழப்பத்தில் கை நழுவினாலும் கயிற்றில் தொங்கட்டும் என்று. வெப்ளியின் .455 அங்குல ரவையை விட்டு 1932இல் பிரித்தானிய இராணுவம் என்ஃபீல்ட் றிவோல்வரின் .38 அங்குல ரவைக்கு இறங்கியது ஏன்? உதைப்புக் குறைந்தால் புதுச் சிப்பாயை விரைவாகப் பழக்கலாம் என்று. கோல்ட் 1911இல் தவறிச் சுடாமலிருக்கப் பெருவிரலால் போடும் பாதுகாப்புப் பூட்டு குதிரைப்படை கேட்டு வாங்கியது. ஆளைச் சுடத்தான் இது என்பதை எடுத்துவிட்டால் அதில் ஒரு திருகாணிக்கும் அர்த்தம் இல்லை. அதை மறந்துவிட்டு ரசிப்பவர் அந்த இயந்திரத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்பேன். கொழும்பில் இருந்துகொண்டு எப்படி மறப்பது? 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில் பிரதமர் பண்டாரநாயக்கவைச் சுட்டதும் ஒரு றிவோல்வர்தான். மறுநாள் அவர் இறந்துபோனார். நமக்கு அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் எழுதத் தேவையில்லை.

ஆகவே அம்மா விளங்காமல் பேசுகிறா என்று எண்ணாதீர்கள். எது எதற்குச் செய்யப்பட்டது என்பதில் அவ உங்களைவிடத் தெளிவாக இருக்கிறா. அதற்காக நீங்கள் பார்ப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஹோலில் உள்ள டீவியில் போடாமல், அறைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள்.

நேரில் பார்க்க ஆசை என்றால், கொழும்பு தேசிய அருங்காட்சியகம் உங்களுக்கு ஒரு பஸ் தூரம். 2023இல் நெதர்லாந்து திருப்பித் தந்த ஆறு பொருள்களில் கண்டிப் பீரங்கியோடு இரண்டு மகா துவக்குகளும், அதாவது பெரிய பழங்காலத் துப்பாக்கிகளும், உண்டு. றிவோல்வருக்கு வெகுகாலம் முந்தியவை, உள்ளூர்க் கம்மியரின் கைவேலை. வெப்ளி, லூகர் வகைக்கு இங்கிலாந்துதான் போக வேண்டும். லண்டனில் உங்களுக்கும் ஒரு மாமாவோ சித்தியோ இல்லாமலா இருக்கும்? போனால் கடைத்தெருவுக்கு ஒதுக்கிய நாளில் ஒன்றை வெட்டி, லீட்ஸில் இருக்கும் ரோயல் ஆமரீஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அன்றன்று எடுத்தால் கொள்ளை விலை.