இன்று பிடுங்கி இன்றே முன்பல் வைக்கலாமா?

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மேல் முன்பல் ஒன்று வேரோடு பிளந்துவிட்டது. அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கலியாணம். பிடுங்கிய அன்றே இம்பிளாண்ட் (எலும்பில் திருகி வைக்கும் செயற்கை வேர்) வைத்துப் பல்லும் பூட்டலாம் என்கிறார்கள். நம்பலாமா? (வெள்ளவத்தை)

நம்பலாம். ஆனால் உங்களுக்குச் சரிவருமா என்பதை உங்கள் எலும்புதான் சொல்ல வேண்டும். மேல் முன்பல்லுக்கு உதட்டுப் பக்கம் இருக்கும் எலும்பு பலருக்கு 1 மில்லிமீற்றர்கூட வராது, முட்டைக் கோது மாதிரி. நெம்பிப் பிடுங்கினால் அதுவும் பல்லோடு வந்துவிடும். அதனால் மெல்லிய அலகுள்ள கருவியை வேரைச் சுற்றி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் எடுப்போம். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணித்தியாலம் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு தப்பியிருந்து சீழும் இல்லையென்றால், அந்தக் குழியிலேயே டைட்டானியம் திருகாணியை அண்ணப் பக்கம் சற்றுத் தள்ளி இறக்குவோம். உதட்டுப் பக்கம் மிஞ்சும் இடைவெளியில் எலும்புத் தூள் நிரப்புவது வழக்கம். திருகும்போது கிட்டத்தட்ட 35 நியூட்டன் சென்ரிமீற்றர் இறுக்கம் கிடைத்தால் அன்றே தற்காலிகப் பல் பூட்டலாம். கிடைக்காவிட்டால் கழற்றிப் போடும் கட்டுப்பல்லோடு கலியாணத்துக்குப் போங்கள். படத்தில் யாருக்கும் தெரியாது.

பூட்டிய பிறகு ஒரு நீலத் தாளைத் தந்து கடிக்கச் சொல்வார்கள். புதுப் பல்லில் நீலப் பொட்டு விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து எடுப்பார்கள். கீழ்ப்பல் அதில் முட்டவே கூடாது. காரணம் இருக்கிறது: முதல் நாள் இருந்த இறுக்கம் மூன்றாம், நாலாம் வாரத்தில் குறைந்து, புது எலும்பு வளர்ந்து பிடித்த பிறகுதான் மறுபடி அதிகரிக்கும். உங்கள் கலியாண வீடு சரியாக அந்த வாரத்தில் வருகிறது! தாராளமாகச் சிரியுங்கள். பந்தியில் வடையை மட்டும் பிய்த்துக் கடைவாயில் வைத்துச் சாப்பிடுங்கள். நிரந்தரப் பல் 3 முதல் 6 மாதம் கழித்துத்தான்.

அப்பாவுக்கு 62 வயது. சீனி வருத்தம் இருக்கிறது, புகையிலையோடு வெற்றிலையும் போடுவார். அவருக்குச் செய்யலாமா? (கொட்டாஞ்சேனை)

வயது ஒரு தடையே இல்லை. சீனிக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொண்டு வாருங்கள். கட்டுப்பாட்டில் இருந்தால் பயமில்லை.

எனக்குக் கவலை வெற்றிலைதான். பாக்கால் கன்னம் உள்ளே இறுகி வாய் திறப்பதே குறைந்துவிடலாம். பிறகு கருவியை எங்கே நுழைப்பது? அதோடு, இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் இம்பிளாண்ட் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, கொழும்பு வோட் பிளேசில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலையில் முதலில் காட்டுங்கள். அப்புறம், எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கொரு குளிசை எடுப்பவர்கள் (அநேகமாக அம்மாமார்) அதை மறைக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

14 வயது மகனுக்குக் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் போய்விட்டது. இப்போதே வைக்கலாமா? (தெகிவளை)

வேண்டாம். தாடை இன்னும் வளர்கிறது. பக்கத்துப் பற்கள் வளர்ச்சியோடு கீழே இறங்கும், இம்பிளாண்ட் நின்ற இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் கட்டையாகத் தெரியும். வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்த்து, 20 வயதை ஒட்டி யோசிக்கலாம். அதுவரை பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டும் பொய்ப்பல் (மேரிலண்ட் பிரிட்ஜ்) போதும்.

மற்றப் பெற்றோருக்கு ஒன்று: நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் அலசி, குழியிலேயே திரும்பச் செருகுங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலத்துக்குள் பல் டொக்டரிடம் ஓடுங்கள். டிசுவில் சுற்றிக் காயவிட்டுக் கொண்டுவரும் பல்லைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும்.

சென்னையில் மலிவாமே? (பம்பலப்பிட்டி)

இருக்கலாம். விமானச் சீட்டை இரண்டு மூன்று தடவைக்குக் கணக்குப் போடுங்கள். எங்கே செய்தாலும் திருகாணியின் கம்பனி, வகை, அளவு எழுதிய அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து வருடம் கழித்து உள்ளே ஆணி தளர்ந்தால் அதே கம்பனிச் சாவிதான் பொருந்தும். அட்டை இல்லாமல் வருபவரின் எக்ஸ்ரேயை வைத்து நாங்கள் ஊகித்துக்கொண்டிருப்போம்.

நோகுமா? (பெயர் வேண்டாம்)

ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். பிறகு அதிர்வும் சத்தமும்தான். மறுநாள் மேலுதடு வீங்கும், ஐஸ் வையுங்கள். வீக்கம் நாலாம் நாளும் கூடிக்கொண்டே போனாலோ காய்ச்சல் வந்தாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே போங்கள்.