பாறையை நிலத்தடியிலேயே வேகவைத்தால் கிணற்றுத் தண்ணீர் என்னவாகும்? கேள்வி பதில்

மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை வந்ததிலிருந்து 'சுரங்கம்' என்று யார் வாயைத் திறந்தாலும் நம்ம ஆட்களுக்குப் பகீர் என்கிறது. இப்போது 'எண்ணெய்ப் பாறை'யைப் பூமிக்குள்ளேயே சூடாக்கி எண்ணெய் எடுப்பது பற்றி ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது, அதை ஒட்டிக் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் போர் போட இடம் பார்த்தும் நீர்மட்டம் அளந்தும் முப்பது வருடம் ஓட்டியவன். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை, அதனால் தண்ணீர்ப் பக்கம் நின்றுதான் பதில் சொல்வேன்.

மேலூர் விவசாயி: அண்ணே, நம்ம பூமிக்கு அடியிலும் இந்த எண்ணெய் இருக்கா?

இல்லை. மதுரையைச் சுற்றி இருப்பது சார்னோக்கைட், நைஸ் வகைக் கடினப் பாறை. எண்ணெய் வேண்டுமானால் ஏரியிலோ கடலிலோ பாசியும் சேறும் சேர்ந்து படிந்த பாறை வேண்டும். யானைமலையில் எண்ணெய் தேடுவது கல்லில் நார் உரிக்கிற வேலைதான். இந்தியாவில் எண்ணெய்ப் பாறை என்றால் அசாம், அருணாசலப் பிரதேசப் பக்கம், நிலக்கரிப் படிவுகளோடு சேர்ந்து கிடக்கிறது.

திருமங்கலம் கல்லூரி மாணவி: அப்போ நெடுவாசலில் 2017இல் போராடினார்களே, அது இது இல்லையா சார்?

அது வேறும்மா. நெடுவாசல் காவிரிப் படுகையில் வருகிறது, அங்கே பேச்சு ஏற்கெனவே உருவாகி அடியில் தங்கியிருக்கிற எண்ணெய், எரிவாயு பற்றியது. எண்ணெய்ப் பாறையில் இன்னும் எண்ணெயே கிடையாது. கெரோஜன் என்ற மெழுகு மாதிரியான பொருள்தான் உண்டு, இயற்கை பாதிச் சமையலில் அடுப்பை அணைத்துவிட்டுப் போன மாதிரி. மீதிச் சமையலை மனுசன் செய்ய வேண்டும். வெட்டியெடுத்து மேலே உலையில் போட்டுச் சூடாக்குவது ஒரு வழி, ஐரோப்பாவில் எஸ்தோனியா நாட்டில் அதைத்தான் செய்கிறார்கள். பூமிக்குள்ளேயே வைத்துச் சூடாக்குவது இன்னொன்று. வீடியோவில் காட்டியது இரண்டாவது.

உசிலம்பட்டி: பூமிக்குள்ள எப்படிய்யா சூடாக்குறாங்க?

அமெரிக்காவின் கொலராடோவில், பிசியான்ஸ் படுகையில் ஷெல் எண்ணெய்க் கம்பெனி முயன்ற முறையைச் சொல்கிறேன். துளை போட்டு மின்சார ஹீட்டரை இறக்கிப் பாறையைச் சுமார் 350 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோக வேண்டும், பெரிய அளவில் செய்தால் அதற்கே மூன்று நான்கு வருடம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. கெரோஜன் எண்ணெயாகவும் வாயுவாகவும் பிரிந்ததும் வேறு துளை வழியாக உறிஞ்சலாம். சின்ன இடத்தில் செய்த சோதனையில் சுமார் 1,700 பீப்பாய் எண்ணெய் வந்தது.

வாடிப்பட்டி: வெட்டவே இல்லையே, மேலே தோட்டம் அப்படியே இருக்குமே. தண்ணிக்கு என்ன கெடுதல்?

எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். நம்ம ஊரில் மேல் ஊற்று நல்ல தண்ணீர், கீழே உப்பு என்றால் இரண்டும் கலக்காமல் பார்த்துத்தானே போர் போடுகிறோம்? பிசியான்ஸிலும் மேலே ஒரு நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீர் நிற்கிற பாறை அடுக்கு, கீழே அதைவிட உப்பான ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மூடி போல இருப்பது மகோகனி என்று பெயர் வைத்திருக்கிற அடுக்கு, எண்ணெய்ச் சத்து அதிகம் உள்ளதும் அதேதான். அதாவது அவர்கள் வேகவைக்கப் பார்ப்பது அந்த மூடியையே. கெரோஜன் வெளியேறினால் அது இருந்த இடமெல்லாம் ஓட்டை, சூட்டில் விரிசலும் சேரும், முன்பு தண்ணீர் ஊடுருவச் சிரமப்பட்ட பாறை சல்லடையாகிவிடும்.

சூடாக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் இருக்கக் கூடாது, பம்ப் வைத்து இறைத்துவிடுவார்கள். வேலை முடிந்து பம்ப்பை நிறுத்தினால் தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பத்தானே செய்யும்? வெந்த பாறையில் ஒட்டியிருக்கிற பென்சீன், டொலுவீன், பீனால் மாதிரியான நச்சு ரசாயனங்கள், உப்புகள், ஆர்சனிக், செலினியம் எல்லாம் அதில் கரையலாம். தண்ணீர் அங்கேயே தேங்கியும் நிற்காது. அந்தப் பக்கத்து ஓடைகள் வொயிட் ஆற்றில் சேர்ந்து கடைசியில் கொலராடோ ஆற்றுக்குப் போகின்றன.

மாணவி மறுபடி: பனிக்கட்டிச் சுவர் கட்டித் தடுப்பார்களாமே?

ஆமாம், ஷெல் அதையும் சோதித்தது. வட்டமாக நெருக்கி நெருக்கித் துளை போட்டு, உறைநிலைக்கு மிகவும் கீழே குளிர்ந்த திரவத்தைக் குழாயில் ஓடவிட்டு நிலத்தடி நீரையே சுவராக உறையவைப்பது. கெட்டிக்கார யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே அடுப்பு, வெளியே ஃபிரிட்ஜ், இரண்டுக்கும் கரண்ட்! அந்தக் கரண்ட்டை ஒரு நாள் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அதற்குள் உள்ளே இருப்பதை முழுக்கக் கழுவி எடுத்திருக்க வேண்டும். வணிக அளவுக்கு அது போகவே இல்லை, 2013இல் ஷெல் கொலராடோவை விட்டுக் கிளம்பிவிட்டது.

சோழவந்தான்: தண்ணி எவ்வளவு குடிக்கும்?

நிலத்தடியில் வேகவைத்தால் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 1 முதல் 12 பீப்பாய் தண்ணீர், சராசரி 5 என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2010இல் சொன்னது. 5 பீப்பாய் என்றால் கிட்டத்தட்ட 800 லிட்டர்.

மேலூர் விவசாயி: ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பொறுப்பு ஏற்காதா?

ஆஸ்திரேலியக் கதை ஒன்று சொல்கிறேன் தம்பி. எண்ணெய்ப் பாறை இல்லை, நிலக்கரி, ஆனால் பூமிக்குள்ளேயே எரித்து வாயு எடுக்கிற வேலை. குவீன்ஸ்லாந்தில் சின்சில்லா என்ற ஊரில் லின்க் எனர்ஜி என்ற கம்பெனி செய்தது, வாயு மண்ணுக்குள் கசிந்துவிட்டது. 2015இல் சுற்றிலும் சுமார் 320 சதுர கிலோமீட்டரில் விவசாயிகள் 2 மீட்டருக்குக் கீழே தோண்டக் கட்டுப்பாடு வந்தது. சொந்த நிலம், ஆழமாக ஒரு குழி வெட்ட முடியாது. 2018இல் நீதிமன்றம் 45 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது, ஆனால் கம்பெனி 2016லேயே மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. குவீன்ஸ்லாந்து அந்த முறையையே தடை செய்துவிட்டது.

உசிலம்பட்டி: எங்க ஊரில் எந்தச் சுரங்கம் வந்தாலும் முதலில் என்ன செய்யணும்?

குழி தோண்டுவதற்கு முன்னாலேயே தண்ணீரைச் சோதித்து வையுங்கள். மதுரையில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. வழக்கமான சோதனையில் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு இதெல்லாம் வரும், பென்சீன், ஆர்சனிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், காசும் கூட ஆகும். கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று, கிணற்று ஆழம், நீர்மட்டம், தேதி எழுதி அந்தத் தாளைப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். அது கையில் இல்லையென்றால், 'உங்க தண்ணி முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு' என்று அவன் சொல்லும்போது வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.