வெளிநாட்டில் ஏழை மக்கள் நடுவே மிஷனெரி ஊழியம் செய்யும்போது சந்தோஷம் எப்படிக் கிடைக்கும்?

கேள்வியைப் படித்ததும் புரிந்துவிட்டது: நீங்கள் போய்ச் சேர்ந்து நாலைந்து மாதம் ஆகியிருக்கும். போகாதவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது.

நான் இரண்டு வருடம் இருந்தேன். நாட்டின் பெயர் வேண்டாம், எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முதல் எட்டு மாதம் சந்தோஷம் பக்கத்திலேயே வரவில்லை. ஜெபக் கடிதத்தில் ‘கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, கொசுவலைக்குள் சுருண்டு படுத்துக்கொள்வேன். அங்கிருந்த வறுமை காரணமில்லை. மாத அறிக்கைதான் காரணம். எத்தனை வீடு சந்தித்தீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார்கள்? அமெரிக்க மிஷனெரி ஜட்சன் 1813-ல் பர்மாவில் போய் இறங்கினார், முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். அந்தப் படிவத்தை அவரிடம் நீட்டியிருந்தால் ஆறு வருடம் சைபர் போட்டிருப்பார்.

ஒன்பதாம் மாதம் ஊர் அடிபம்பு நின்றது. மூன்று நாள் பெண்கள் ஆற்றுக்கு நடந்தார்கள். புதுப் பம்புக்குக் காணிக்கை திரட்டலாமா என்று நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பம்புக்குப் பொறுப்பான அக்கா ஒரே ஒரு ஸ்பானரோடு வந்து நின்றார். அது ஆஃப்ரிடெவ் பம்பு. ஊர்க்காரர்களே ஒரு ஸ்பானரால் பிரித்துச் சரிசெய்கிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கம்பிகளை மேலே இழுத்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றிய கம்பி மண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குக் கொடுத்த வேலை. தேய்ந்துபோயிருந்தது ஒரு சின்ன ரப்பர் சீல், அவ்வளவே. நடுவில் ‘இன்னும் இழுக்கவா?’ என்று அவர்கள் மொழியில் கேட்கப் போய் வேறெதையோ சொல்லிவிட்டேன் போல, ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. என்ன சொன்னேன் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். எட்டு மாதத்தில் அதுதான் முதல் தடவை. தண்ணீர் வந்தது. எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

‘அப்போ பம்பு ரிப்பேர்தான் ஊழியமா, சுவிசேஷம் எங்கே பிரதர்?’ என்று கேட்க ஒருவர் வருவார். ஐயா, ஞாயிறு பிரசங்கம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. லூக்கா 10-ஐ எடுத்துப் பாருங்கள். பிசாசுகளும் கீழ்ப்படிகிறதே என்று, ஆண்டவர் ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் குதூகலமாகத் திரும்பி வருகிறார்கள். அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார் ஆண்டவர். அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ‘ஏழைகள்தான் உண்மையில் சந்தோஷமாக இருக்கிறார்கள்’ என்று உருகுகிற கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடவும் வேண்டாம். ஆற்றுக்கு நடந்த மூன்று நாளும் அங்கே யாரும் சந்தோஷமாக இல்லை.

உங்களுக்குச் சொல்வதென்றால்: பவுலே ‘மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்’ என்றுதான் எழுதுகிறார். நாலாம் மாதத்தில் அது வரவில்லை என்றால் பாவமில்லை. சாகவேண்டும் என்று படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அப்பம் கொடுத்துத் தூங்கவிட்டான். முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். பிறகு யாராவது கம்பியைப் பிடிக்கச் சொன்னால் போய்ப் பிடியுங்கள்.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லப் பத்து நிமிடம் தந்தார்கள், அதில் பாதியை அறிவிப்புகள் தின்றுவிட்டன. திரையில் காட்டப் படங்கள் கேட்டார்கள். கம்பியோடு நிற்கும் படத்தை முதலில் வைத்துக் கொடுத்தேன். ‘இதில் நீங்கள் சும்மா நிற்கிற மாதிரி இருக்கே பிரதர்’ என்று அதை எடுத்துவிட்டு, நான் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கும் படத்தைப் போட்டார்கள்.