பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது: டிரெய்லர் வயரிங்கில் கோளாறு எங்கே?

கேள்வி: டிராக்டர் லைட்டெல்லாம் சரியாக இருக்கிறது. டிரெய்லரை மாட்டி பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் டெயில் லைட்டும் மங்கலாக எரிகின்றன. பள்ளத்தில் குலுங்கினால் சில நேரம் தானே சரியாகிவிடுகிறது. பல்பு, ஃபியூஸ் எல்லாம் மாற்றிவிட்டேன். வயரிங் முழுவதையும் புதிதாக இழுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எர்த்தில்தான் சந்தேகம். பிரேக் பல்புக்குப் போன கரண்ட் திரும்பி வர எர்த் வழி கிடைக்காவிட்டால், பக்கத்து பல்புகளின் இழை வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும், அதனால்தான் சம்பந்தமில்லாத லைட்டெல்லாம் மினுக்குகிறது. குலுங்கினால் சரியாவதும் அதே கதைதான்: எர்த் வயர் அறுந்தோ தளர்ந்தோ போய், டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பின்னின் இரும்பு உரசும் நேரம் மட்டும் அதன் வழியாக எர்த் கிடைக்கிறது. துருவும் கிரீஸும் அப்பிய பின்னை நம்பி லைட் ஓட்ட முடியுமா?

சோதிப்பது சுலபம். ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை டிராக்டர் பேட்டரியின் மைனஸில் கட்டி, மறுமுனையைப் பின் விளக்கின் எர்த் இணைப்பில் தொட்டுப் பாருங்கள் (வயர் பிளஸ் பக்கம் மட்டும் படவே கூடாது). லைட் பளிச்சென்று வந்தால் கோளாறு எர்த்தேதான். மல்டிமீட்டர் இருந்தால், லைட்டைப் போட்டு பிரேக்கை மிதித்தபடி அதே இரண்டு இடத்துக்கும் நடுவில் வோல்ட் பாருங்கள், அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, இரண்டு மூன்று காட்டினால் அந்த வழியில் எங்கோ அடைப்பு.

அப்புறம் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வழக்கமான 7 பின் பிளக்கில் 3-ஆம் எண் எர்த், வெள்ளை வயர், ஆனால் முன்பு யாராவது கைவைத்திருந்தால் நிறத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். செம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால், குறிப்பாக உரமும் எருவும் ஏற்றும் வண்டியில், பளபளப்பான செம்பு வரும்வரை வயரை வெட்டிவிட்டுப் புதிதாக முடுக்குங்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். சேசிஸ் ஓட்டையில் வயர் நுழையும் இடத்தையும் தடவிப் பாருங்கள், ரப்பர் இல்லாமல் இரும்பு விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்திருக்கும்.

எர்த் சரியாக இருந்தும் தொந்தரவு நிற்காவிட்டால், 21/5 வாட் இரட்டை இழை பல்பைக் கழற்றி உற்றுப் பாருங்கள். ஓர் இழை அறுந்து மற்றதன் மேல் விழுந்தாலும் இதே மாதிரிதான் காட்டும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஆம்பியர் போடவே கூடாது, ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.