சாப்பாட்டுச் சத்தமும் எரிச்சலும்: கேள்வி பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ரசம் சாதத்தை 'சர்ர்ர்' என்று உறிஞ்சுகிறார். சொன்னால், "ரசத்தை வேற எப்படிச் சாப்பிடறது?" என்கிறார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சூடான ரசத்தைக் காற்றோடு சேர்த்து இழுத்தால் நாக்கு சுடாது, மணமும் மூக்குக்கு ஏறும். தேயிலை ருசி பார்ப்பவர்கள் வேண்டுமென்றே இப்படித்தான் உறிஞ்சுவார்கள். ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சினால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எனவே சூட்டைக் குறையுங்கள். சாப்பிட உட்காருவதற்கு 5 நிமிடம் முன்பே ரசத்தை அகலமான கிண்ணத்தில் ஊற்றி ஆறவிடுங்கள். அடுத்தது பதம். சாதம் விறைப்பாக இருந்து ரசம் நீர்க்க இருந்தால் கையில் கவளம் சேராது. ஒழுகுவதை இழுத்துத்தான் தீரவேண்டும். சாதத்தைக் குழையப் பிசைந்துகொண்டு, ரசத்தை இரண்டு மூன்று தடவையாக விடச் சொல்லுங்கள். மிச்சத்தை டம்ளரில் குடிக்கட்டும்.

கேள்வி: 6 வயது மகன் வாயைத் திறந்துகொண்டே சப்புக் கொட்டி மெல்லுகிறான். அதட்டியும் மாறவில்லை.

முதலில் மூக்கைப் பாருங்கள். சாப்பிடாத நேரத்தில் வாயை மூடி ஒரு நிமிடம் மூச்சுவிடச் சொல்லுங்கள். திணறினால் அது ஒழுக்கக் கேடு அல்ல. மூக்கடைத்த பிள்ளை மெல்லவும் வேண்டும், மூச்சும் விடவேண்டும். இரண்டுக்கும் வாய் ஒன்றுதான். குறட்டையும், வாய் பிளந்த தூக்கமும் சேர்ந்திருந்தால் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு சரியாக இருந்தால் கவளத்தைப் பாதியாக்குங்கள். கன்னம் புடைக்க அடைத்தால் பெரியவர்களாலும் உதட்டை மூட முடியாது.

கேள்வி: மாமனாரின் பல்செட் 'டக் டக்' என்கிறது. எப்படிச் சொல்வது?

சத்தம் என்று சொல்லாதீர்கள். "செட் லூசாயிடுச்சா மாமா, ஒருக்கா காட்டிடலாமா?" என்று கேளுங்கள். பல் போனபின் தாடை எலும்பு வருஷாவருஷம் தேயும், செட் தளரும். பல் மருத்துவர் உட்புறத்தில் புதிதாகப் பூச்சு வைத்துப் பொருத்தித் தருவார். ஒட்டும் பசை தற்காலிகம்தான். வீட்டில் அரத்தால் ராவிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: தங்கை மெல்லும் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்கக்கூட இல்லையாம். எனக்கோ அதில் நெஞ்சு படபடக்கிறது, தட்டை எறியத் தோன்றுகிறது. எனக்குத்தான் கோளாறா?

இதற்கு மிசோபோனியா என்று பெயர். 2001-ல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதியர் என்ற செவித்திறன் ஆய்வாளர்கள் வைத்தது. சத்தம் பெரிதா சிறிதா என்பது இங்கே பொருட்டல்ல. பட்டாசைப் பொறுத்துக்கொள்பவருக்கு ஒரு 'சப்' தாங்காது. 2017-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் செய்த ஆய்வில், இப்படிப்பட்டவர்கள் மெல்லும் ஒலியைக் கேட்டபோது மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய முன் இன்சுலா பகுதி அளவுக்கு மீறி வேலை செய்தது, இதயத் துடிப்பும் ஏறியது. ஆகவே நடிப்பு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தங்கையின் குற்றமும் இல்லை.

எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். தாடை அசைவதைப் பார்ப்பதே பலருக்கு எரிச்சலைக் கிளப்பிவிடும். மின்விசிறியோ, மெல்லிய பாட்டோ ஓடட்டும். நிசப்தமான அறைதான் மோசம். அவள் முறுக்கு கடிக்கும்போது நீங்களும் ஒன்றைக் கடியுங்கள், சிலருக்கு அதிலேயே அடங்கிவிடும். காதடைப்பான் வைத்தால் சாப்பாட்டு வேளையோடு கழற்றிவிடுங்கள். நாள் முழுக்க வைத்தால் காது இன்னும் கூசும். வீட்டில் ஒன்றாகச் சாப்பிடவே முடியாத நிலை வந்தால் உளவியலாளரிடம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) எடுக்கலாம். இதற்கென்று தனி மாத்திரை இல்லை.

கேள்வி: அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மூன்று மணிக்குக் காரச்சேவு நொறுக்குகிறார்.

மொறுமொறுப்பை ஓசையில்லாமல் தின்ன வழி கிடையாது. உதட்டை மூடினால் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவே. மூன்று மணிக்கு நீங்கள் டீக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: பந்தியில் பக்கத்து இலைக்காரர் வாய் நிறையச் சோற்றோடு பேசுகிறார், பருக்கை என் இலையில் தெறிக்கிறது.

அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். 'உம்' கொட்டினாலும் பேச்சு நீளும். முகத்தைப் பரிமாறுகிறவர் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அப்படியும் தெறித்தால், புது இலை கேட்பதில் வெட்கம் எதற்கு?