மலைக்கிராமங்களில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கும் கடும் நோயாளிகளுக்கும் ஊர் அளவில் உதவ விரும்புகிறோம், எங்கிருந்து தொடங்குவது?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து, காபி அறுவடை முடிந்ததும் திரட்டும் பணத்தில் எச்.ஐ.வி. தொற்றுள்ள குடும்பங்களுக்கு மருந்தும் அரிசியும் வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீழ்ப்பழனி மலையில் இதே வேலையை ஒரு சிறு குழுவோடு பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மருந்துக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டியதில்லை. மலையிறங்கிச் சென்று மருந்து வாங்கி வருவதற்கான வழியையும், அப்படிச் சென்று வருபவரின் நோய் இன்னதென்று ஊருக்குத் தெரியாமல் காக்கும் ஏற்பாட்டையும் உங்களால் செய்து கொடுக்க முடிந்தால், அதுவே அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் மாநிலத்தில்தான். 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு நெடுங்காலம், கையில் காசு இருந்தவர்கள் மட்டுமே கிருமியை அடக்கிவைக்கும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) வாங்கிச் சாப்பிட முடிந்தது. 2004 ஏப்ரலில் அரசு அதை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, முதலில் அமைந்த மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் தொற்று உறுதியானவுடன் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். இப்போது பெரும்பாலோர் சாப்பிடுவது நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை. அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையை எட்டி, அதிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடத் தொற்று பரவாது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதாலோ ஒரே குடத்துத் தண்ணீரைக் குடிப்பதாலோ அது எந்தக் காலத்திலும் பரவியதில்லை.

ஆகவே மருந்து இருக்கிறது. அது மலைக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் சிக்கல். திண்டுக்கல் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லும் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து, முதல் பேருந்தைப் பிடித்து, மலையிறங்கி வத்தலக்குண்டு வழியாக நகரத்தைச் சேர்ந்து, சீட்டுப் போட்டு, ஆலோசகரைப் பார்த்து, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி வெளியே வருவதற்குள் மதியம் கடந்துவிடும். மலைக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் அன்றிரவு பேருந்து நிலையத்தில்தான். ஒரு நாள் கூலி போகிறது. சில சமயம் இரண்டு நாள் கூலி. 2024 முதல் மலைப்பகுதிகளிலும் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்ய முடிவதால் பெண்களின் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் போன கூலியை எந்தத் திட்டமும் திருப்பித் தருவதில்லை. உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கும் வழக்கம் வந்துள்ளது. அதைக் கேட்டு வாங்கும்படி சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து மலைச்சாலை அடைபடும் நாட்களில், வீட்டில் இருப்பு உள்ளவர் மட்டுமே இடைவெளியில்லாமல் மருந்து சாப்பிட முடியும்.

எங்கள் குழு தருவது பெரும்பாலும் இவைதான்: போய்வரும் நாளுக்கான கூலி ஈடு, வழியில் ஒரு வேளைச் சாப்பாடு, தங்க நேர்ந்தால் விடுதிக் கட்டணம். கேட்பதற்குச் சிறியவையாகத் தோன்றும். ஆனால் கூலி போகிறதே என்று ஒரு மாதம் போகாமல் விட்டவர்கள்தான் அடுத்தடுத்த மாதங்களிலும் விட்டு, கடைசியில் காசநோயும் சேர்ந்துகொள்ள, தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. ‘எச்.ஐ.வி. உதவி நிதி’ என்று தயவுசெய்து பெயர் வைக்காதீர்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்த மலையூரில், பேருந்தில் ஏறியவுடன் “எங்க, திண்டுக்கல்லுக்கா?” என்று நடத்துநரே விசாரிக்கிற இடத்தில், அப்படியொரு பெயருள்ள நிதியிலிருந்து ஒரு குடும்பம் ஒரு தடவை வாங்கினால் போதும், மறுவாரமே அந்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகளை விடமாட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இதற்கு அஞ்சியே அருகிலிருக்கும் மையத்தை விட்டுவிட்டு மதுரைக்கும் தேனிக்கும் போய் மருந்து வாங்குவோர் இருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறுக்கு டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்க்கு மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுபவர், காசநோயாளி, பக்கவாதத்தால் படுத்தவர், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் ஆகிய அனைவருக்கும் ‘நெடுநாள் நோயாளர் உதவி’ என்று ஒரே நிதியாக வையுங்கள். தொடர்ந்து வெளியூர் சென்று சிகிச்சை பெற வேண்டியவர் என்று மருத்துவமனையிலிருந்து ஒரு சீட்டு இருந்தால் போதும். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை. நோய் இன்னதென்று நோயாளியே சொல்ல விரும்பினால், குழுவில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியட்டும்.

எங்கள் பகுதியில் நல்ல மனம் கொண்ட ஒருவர், யாருக்கும் தெரியக் கூடாதென்று, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் இரவு நேரத்தில் அரிசி மூட்டையை இறக்கி வைத்து வந்தார். அந்த அக்கா ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, ராத்திரியில வேணாம்னு அவர்ட்ட சொல்லிருங்க. நாய் குரைச்சா லயத்துல அத்தனை பேரும் எந்திரிச்சுப் பாக்குறாங்க. பகல்ல நாலு பேருக்குக் குடுக்குறப்ப எனக்கும் சேத்துக் குடுங்க, அது போதும்.” அன்று முதல் நாங்கள் எதையும் ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே நாளில், ஒரே அளவில், பட்டப்பகலில் கொடுக்கிறோம்.

நோயின் பெயரை ஊரறியாமல் காக்கச் சட்டமும் சொல்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. தொற்றுள்ளவர் விவரமறிந்து சம்மதிக்காமல் அவரது நிலையை வெளியிடக் கூடாது. வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வாடகை வீட்டிலும் அவரைப் பாகுபடுத்தக் கூடாது. இவற்றோடு, உங்களைப் போன்றோர் கவனிக்க வேண்டிய பிரிவு ஒன்றும் அதில் உள்ளது. இரண்டு பேர் சேர்ந்து பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ ஒழுங்காக ஒரு சேவையைச் செய்து வந்தாலே, இலாப நோக்கம் இல்லாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒரு நிறுவனம். தொற்று பற்றிய பதிவுகளை வைத்திருக்கும் எந்த நிறுவனமும் அவற்றைப் பாதுகாக்கக் கடமைப்பட்டது. ஆகவே பெயர்ப்பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், கணக்குக் காட்டுவதற்காகப் பயனாளிகளின் பெயர்களை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பதும் கூடாது. கணக்கைத் தொகையாகக் காட்டுங்கள். பெயருக்குப் பதில் எண் போதும். உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று பிளெக்ஸ் கட்டி, நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, வேட்டி சேலை கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை எந்த நன்கொடையாளர் வற்புறுத்தினாலும் ஏற்காதீர்கள். அந்த நன்கொடை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை.

மருந்தைப் பற்றி இரண்டு செய்திகள், உதவி செய்யும் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. ஏ.ஆர்.டி. மாத்திரைகள் பிளாஸ்டிக் டப்பாவில் வருகின்றன. பேருந்து குலுங்கும்போது அவை உள்ளே கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், மேலே ஒட்டியிருக்கும் தாளைச் சுரண்டிவிட்டு, மாத்திரைகளைத் துணியில் முடிந்தோ பழைய பவுடர் டப்பாவில் கொட்டியோ கொண்டுவருகிறார்கள். மாதக்கணக்கில் மூடுபனி விலகாத நம் மலையில் அப்படி வைத்தால் ஈரம் ஏறி மாத்திரை கெட்டுவிடும். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் இருப்பதே அதைத் தடுக்கத்தான். மருந்தை அதன் டப்பாவிலேயே, அந்தப் பொட்டலத்தோடு இறுக மூடி, டப்பாவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் சத்தமும் அடங்கும், மருந்தும் கெடாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நெடுங்காலமாக மருந்து சாப்பிட்டுவரும் ஒருவர்.

இரண்டாவது செய்தி, ஊட்டச்சத்து என்ற பெயரில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வாங்கிக் கொடுப்பது பற்றியது. இப்போதைய கூட்டு மருந்தில் உள்ள டொலுடெக்ராவிர் என்னும் மருந்து, அவற்றோடு ஒரே வேளையில் வெறும் வயிற்றில் சேர்ந்தால் உடலில் சரியாக ஏறாது. சில வயிற்றெரிச்சல் மருந்துகளோடும் அப்படியே. அதனால்தான் இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ ஏ.ஆர்.டி. மாத்திரையைச் சாப்பிடச் சொல்கிறார்கள். மையத்தில் கேட்காமல் எந்தச் சத்து மாத்திரையும் கொடுக்க வேண்டாம். முட்டை, பருப்பு, நிலக்கடலை, நம் மலை வாழைப்பழம் ஆகியவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வேண்டிய உதவி வேறு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு வலித்தணிப்பு, இயன்முறைச் சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்கான பைகள் ஆகியவை வீடு தேடி வருகின்றன. ஆயினும் செவிலியர் வந்துபோகும் நாட்களுக்கு இடையே நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவும், தைமாதக் குளிரில் வெந்நீர் வைத்து உடம்பு துடைக்கவும், கவனித்துக் களைத்த மனைவியோ தாயோ இரண்டு மணி நேரம் கண்ணயரவும் பக்கத்து வீட்டார் தேவை. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்து கேரளமெங்கும் பரவிய அக்கம்பக்கத் தொண்டர் முறையின் உயிர்நாடி இதுதான்: மருத்துவர் வழிகாட்டுவார், அன்றாடக் கவனிப்பை ஊர் ஏற்றுக்கொள்ளும். ஒரு காற்றுப் படுக்கை, ஒரு சக்கர நாற்காலி, இரண்டு ஊன்றுகோல்கள் ஆகியவற்றை ஒரு தடவை வாங்கி வைத்தால் வீடு மாற்றி வீடு பல ஆண்டுகள் உழைக்கும். புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கு மார்பின் கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று வீட்டாரைப் பயமுறுத்துவோர் பேச்சைக் கேட்காதீர்கள். மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கப்படும் அந்த மருந்து கடைசி மாதங்களை வலியின்றிக் கழிக்க உதவுகிறது. 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதும் எளிதாகியிருக்கிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே தமிழ்நாடு அரசு 2009இல் ஓர் அறக்கட்டளை அமைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ துணையாக ஒருவர் போய் வர வேண்டும். மேலே சொன்ன எச்.ஐ.வி. சட்டத்தில், பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திச் செல்லும் பக்குவமுள்ள பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை, தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராக இருந்து அவர்களைப் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கைக் கவனிக்கவும் இடமுண்டு என்பது பல தலைமையாசிரியர்களுக்கே தெரிவதில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும்போது நோயாளிகளை நீங்களே தேடிப் போகாதீர்கள். ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடமும், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலும் உங்கள் நிதியைப் பற்றியும் ஒரு தொடர்பு எண்ணையும் சொல்லிவிட்டு வாருங்கள். விரும்புகிறவர் தாமே அழைக்கட்டும். சந்தேகம் கேட்போருக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுங்கள். இன்னொன்று: எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் இடத்தில் தொற்றுள்ள ஒருவர் இருக்க வேண்டும். தொற்றுள்ள பெண்களே கூடி 1998இல் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கிய மாநிலம் இது. தொற்றுள்ளோர் கூட்டமைப்புகளில் அனுபவம் வாய்ந்தவர்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். உங்கள் பணம் அடுத்த அறுவடை வரை எத்தனை பேருக்குத் தாங்கும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அத்தனை பேரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்; மாதாமாதம் வரும் என்று நம்பியிருப்பவருக்குப் பாதியில் நிறுத்துவதைவிட, குறைவான பேருக்கு ஆண்டு முழுவதும் கொடுப்பதே சரி.